லூசி ஹேலின் அடுப்பு

மிச்சிகன் ஏரியில் ‘லூசி ஹேல்’ என்ற பாய்க்கப்பல் மூழ்கிப் பதினெட்டு வருஷமாகியும் அதன் சமையலறை அடுப்பு அணையவில்லை. ஜனவரியில் எங்கள் தீவிலிருந்து கரை வரைக்கும் ஏரி கெட்டியாக உறைந்து, குதிரை வண்டியே போகும். கப்பல் மூழ்கிய அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒரு சமையலறை அகலத்துக்குத் தண்ணீர் உறையாமல் ஆவி பறக்கும். சனிக்கிழமை காலையில் அதில் ஒரு ரொட்டி மேலே வந்து மிதக்கும். தொட்டால் சுடும். அடி மட்டும் கரியாக இருக்கும்.

ரொட்டி சுட்டவள் சிக்னே, மீன்பிடிக்கிற ஒலுஃபின் மனைவி. ஒலுஃப் தன் கையாலேயே வீடு கட்டியவர். புகைபோக்கியைக் கோணலாக வைத்துவிட்டார். அதனால் அந்த அடுப்பில் எது வைத்தாலும் அடிபிடிக்கும். அவர் அதை ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. விருந்தாளிகள் முன்னால் ரொட்டியைத் தட்டிக் காட்டி, “நங்கூரம் தொலைஞ்சா இதைக் கட்டி இறக்கலாம்” என்பார். நாங்களும் சிரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் காலத்தில் வீட்டு வாசலில் நின்றால் தீவுக்கும் கரைக்கும் நடுவேயுள்ள ஜலசந்தியில் நாற்பது பாய்க்கப்பல்கள் தெரியும். என்ன அழகான காலம் அது! இப்போது நீராவிக் கப்பல்கள் கரி துப்பிக்கொண்டு போகின்றன. அந்தப் பாய்க்கப்பல் காலத்தில் ஒரு நவம்பரில் உருளைக்கிழங்கு ஏற்ற வந்த லூசி ஹேலில் சமையல்காரர் பல்வலியால் இறங்கிக்கொண்டார்; சிகாகோ வரைக்கும் சமைக்க ஆள் வேண்டியிருந்தது. சிக்னே உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள், வீட்டுக்கு வந்து சால்வையை எடுத்தாள்.

“நல்லா எரியுற அடுப்புல ஒரு தடவையாவது சுட்டுப் பாக்கணும். சிகாகோ போயிட்டு வந்துடறேன்.”

“போ, போ. கப்பல்காரனுங்க பல்லும் உடையட்டும்” என்றார் ஒலுஃப். வழியனுப்பத் துறைக்குப் போகவில்லை.

மறுநாள் மதியம் வடமேற்கிலிருந்து பனிப்புயல் அடித்தது. திரும்பி வந்து ஒதுங்கப் பார்த்த கப்பல், ஜலசந்தியிலேயே பாறையில் ஏறி உடைந்தது. சிறு படகில் ஆறு பேர் கரை சேர்ந்தார்கள். கேப்டன் கில்லஸ்பி தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒலுஃபின் முன்னால் நின்றார். “கூப்பிட்டேங்க. ‘ரொட்டி அடுப்புல இருக்கு, ரெண்டு நிமிஷம்’னுட்டு உள்ள போனாங்க” என்றார்.

பனிப்பாதைக்கு அடையாளமாகத் தேவதாருக் கன்றுகளை வெட்டி நட்டு வைப்பது எங்கள் வழக்கம். அந்தக் குளிர்காலம் முதல் அந்த வேலையை ஒலுஃப் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆவி பறக்கும் இடத்தைச் சுற்றிப் பாதையை வளைத்தார். சனிக்கிழமைதோறும் விளிம்பில் குந்தி மீன் விலை சொல்வார், யாருக்குக் கல்யாணம் என்று சொல்வார். ரொட்டியைக் கருகின அடியோடு தின்பார். கப்பல் அடுப்பில் அடிபிடிக்க வழியே இல்லை என்று கில்லஸ்பி சத்தியம் செய்திருந்தார். அவள் வேண்டுமென்றே கருக்குகிறாள் என்று தீவுக்கே தெரியும். அவள் கோபம் தீராமல் தானும் செத்துப்போவோமோ என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பயம்.

பதினெட்டாவது குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, தபால் வண்டி ஓட்டும் க்னூட் குதிரையை நிறுத்தினான்.

“ஒலுஃப் அண்ணே, ஊர்க்கதையெல்லாம் சொல்றீங்க. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்ல மாட்டேங்கறீங்க. இந்த வளைவால என் குதிரைதான் கெழடாகுது.”

ஒலுஃப் விளிம்புக்கு இன்னும் கிட்டே நகர்ந்தார். பிறகு, க்னூட்டின் காதிலும் விழட்டும் என்பதுபோல் உரக்கவே சொன்னார்.

“புகைபோக்கி கோணல், சிக்னே. கட்டின அன்னிக்கே எனக்குத் தெரியும். உன் ரொட்டியில ஒரு கொறையும் இல்ல.”

அன்றைக்கே ஏணி போட்டுக் கூரையில் ஏறினார். எழுபது வயதில், அந்தக் குளிரில், புகைபோக்கியை இடித்து ஐந்து நாளில் நேராகக் கட்டினார்.

அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால் தண்ணீர் உறைந்திருந்தது. பனிக்கட்டிமேல் மண்டியிட்டுக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கீழே இருட்டாக இருந்தது. ஒலுஃப் அழுதார். க்னூட்தான் அவரைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிவந்தான். பாதி வழியில் குதிரை மூக்கை விடைத்தது. ஒலுஃப் வீட்டுக் கூரையிலிருந்து புகை நூல் பிடித்ததுபோல் மேலே போய்க்கொண்டிருந்தது. வாசலிலிருந்து அடுப்பு வரைக்கும் தரையில் ஈரக் காலடிகள். மேஜைமேல் ரொட்டி. ஒலுஃப் அதை மெல்லத் திருப்பினார். அடி பொன்னிறமாக இருந்தது.

பாதையின் வளைவை நாங்கள் நேராக்கவில்லை, குதிரைகளுக்குப் பழகிவிட்டது. சனிக்கிழமை ஒலுஃப் வீட்டுக்குப் போகிறவர்கள் ஈரத்தில் வழுக்காமல் பார்த்துக் கால் வைக்க வேண்டும். ரொட்டி நன்றாக இருக்கிறது.