ரெண்டு வரி மாப்பிள்ளை

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கார் ஆபீசில் வேலை. நம் பாஷையில் வரும் பத்திரிகைகளையெல்லாம் படித்து, அவற்றில் என்ன இருக்கிறது என்று துரையின் பாஷையில் எழுதிக் கொடுக்க வேண்டும். என் கூடப்பிறந்த அண்ணனோ பத்திரிகை நடத்துகிறவர். ஒருவர் சர்க்காரைத் திட்டி எழுத, இன்னொருவர் அதைச் சர்க்காருக்கே ஒப்பிக்க, நடுவில் நான். ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

ஆனாலும் வருஷக்கணக்கில் ஒரு வம்பும் வரவில்லை. காரணம் அந்த ஆபீசின் வழக்கம். எத்தனை பெரிய கட்டுரையானாலும் அதற்கு ரெண்டு வரிதான். அண்ணன் பக்கம் முழுக்க நெருப்பைக் கக்கியிருப்பார். 'சாலை வேலைக்குக் கூலி போதவில்லை என்று இப்பத்திரிகை குறைபட்டுக்கொள்கிறது' என்று இவர் எழுதிவைப்பார். துரை கொட்டாவி விட்டுக்கொண்டே கையெழுத்துப் போடுவார். அந்தக் கொட்டாவியின் தயவில்தான் அண்ணனின் பத்திரிகை பிழைத்துக் கிடந்தது. அது அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் இவரைச் சீண்டாமல் கை கழுவ மாட்டார்.

"என்ன ரெண்டு வரி மாப்பிள்ளை, இந்த வாரம் என்னை எப்படிக் கொன்னீங்க?"

"உங்க எழுத்துல சாரம் அவ்வளவுதான் மச்சான்."

"சாரமா? நான் யானையை அனுப்பினா, நீங்க வாலை மட்டும்தானே துரைகிட்ட காட்டறீங்க!"

அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பாள். இவரும் சிரிப்பார், ஆனால் அன்றைக்கு முழுக்க என்னோடு பேச மாட்டார். தனக்கும் எழுத வரும் என்று இவருக்கு உள்ளூர ஒரு எண்ணம். அதைக் காட்டத்தான் ஒரு இடமும் இல்லை.

பிறகு அந்தக் கட்டுரை வந்தது. சாலை வேலையில் கல் உடைத்த பிள்ளைத்தாச்சி ஒருத்தி, மேஸ்திரி அடித்ததில் செத்துப்போனாள். வெயில் தாங்காமல் செத்தாள் என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். அண்ணன் அவளுடைய மாமியாரைப் போய்ப் பார்த்து, அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தார். இதற்குப் பதில் சொல்ல வேண்டியது மேஸ்திரி அல்ல, அவனை வேலைக்கு வைத்த சர்க்கார் என்று முடித்திருந்தார்.

இவர் அந்தப் பத்திரிகையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், எழுத ஆரம்பித்தார். அடிப்பதும் திருத்துவதுமாக ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. அந்தப் பாஷை ஒரு எழுத்துக்கூடத் தெரியாத எனக்கு வாசித்துக் காட்டி, "இந்த இடம் எப்படி விழுந்திருக்கு பாரு" என்றார்.

"எப்பவும் போல ரெண்டு வரி போதாதாங்க?"

"இதைப் போய் ரெண்டு வரியில எழுதினா என் கை விளங்குமா? துரையும் மனுஷன்தானே. ஒரு தடவை ஒழுங்காப் படிக்கட்டும்."

துரை ஒழுங்காகத்தான் படித்தார். இவர் மேஜைக்கே வந்து கை குலுக்கினாராம். இத்தனை திறமையை இவ்வளவு நாளாக எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்டாராம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரமே போலீஸ் வந்து அச்சுக்கூடத்துக்குச் சீல் வைத்தது. அச்செழுத்துப் பெட்டிகளை வண்டியில் ஏற்றி, அண்ணனையும் கூட்டிக்கொண்டு போயிற்று. சர்க்கார் மேல் ஜனங்களுக்கு வெறுப்பு மூட்டினார் என்று வழக்கு.

குழாயடிக்கு நான் குடத்தோடு போனால் பேச்சு சட்டென்று நிற்கும். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. இவரோ ஆபீஸ் விட்டால் சந்து சந்தாகச் சுற்றி வீட்டுக்கு வருவார்.

விசாரணைக்கு முன்னால் அண்ணனின் வக்கீல் எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணியும் கூட வந்தாள்.

"மொழிபெயர்ப்பு சரிதானான்னு உங்களைத்தான் கூண்டுல ஏத்திக் கேப்பாங்க. மூலத்துல இவ்வளவு சூடு கிடையாது, என் கைச்சரக்கும் கொஞ்சம் சேர்ந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கேஸ் நிக்காது. மிஞ்சிப்போனா உங்க வேலை போகும்" என்றார் வக்கீல்.

அண்ணி இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சொல்லிடறேன். மச்சானைவிட வேலையா பெரிசு?" என்றார். மனசாரத்தான் சொன்னார். அதை இன்றைக்கும் நான் நம்புகிறேன்.

கோர்ட்டில் குமாஸ்தா எழுந்து இவர் எழுதியதை அந்தப் பாஷையில் வாசித்தார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். முன்வரிசையில் இருந்த வெள்ளைக்காரத் துரைசாணி ஒருத்தி கைக்குட்டையை எடுத்தாள். கூண்டில் நின்ற இவர் உதடுகள் கூடவே அசைந்துகொண்டிருந்தன.

வக்கீல் எழுந்து, எல்லோருக்கும் புரியட்டும் என்று நம் பாஷையிலேயே கேட்டார்.

"இதுல உங்க கைச்சரக்கு எவ்வளவு?"

இவர் நீதிபதியைப் பார்த்தார். துரைசாணியின் கைக்குட்டையைப் பார்த்தார். தன் மொழிபெயர்ப்பு மட்டமானது என்று, அத்தனை பேர் முன்னால், தன் வாயாலேயே சொல்ல இவருக்கு நா எழவில்லை.

"ஒண்ணும் இல்லீங்க. மூலத்துல இருக்கிறதுதான் இதுல இருக்கு. வார்த்தைக்கு வார்த்தை."

வேலை போய்விடும் என்று பயந்து அப்படிச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அந்த முகத்தில் பயமே இல்லை. பக்கத்தில் அண்ணி என் கையை இறுகப் பிடித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்று வருஷம் கடுங்காவல் என்று தீர்ப்பாயிற்று.

கான்ஸ்டபிள்கள் அண்ணனை எங்களைத் தாண்டித்தான் வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்கள். இவர் தூணோரம் கூனிக் குறுகி நின்றார். அண்ணன் இவரெதிரே நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன். அண்ணனுக்கும் அந்தப் பாஷை தெரியும்.

"மாப்பிள்ளை, பொய் சொல்லக்கூடாது. நான் எழுதினதைவிட நீங்க எழுதினது நல்லா இருந்துச்சு" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. சீண்டுவாரே தவிர, எழுத்து விஷயத்தில் என் அண்ணனுக்குப் பொய் வராது.

இவர் நிமிர்ந்தார். குனிந்திருந்த முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"எந்த இடம் மச்சான்?" என்று கேட்டார்.

அண்ணி என் கையை விட்டுவிட்டாள்.