திருவாதிரைக்கு அரைமணி இருட்டு

பேரிகையில் இருட்டு லேசில் கிடைக்கிற சரக்கு அல்ல. ஊரைச் சுற்றிச் சாமந்தித் தோட்டங்கள். தை மாதத்தில் பொழுது சாய்ந்ததும் தோட்டத்துக்குத் தோட்டம் வரிசையாகப் பல்புகள் எரியத் தொடங்கிவிடும். இரவு நீளம் என்று சாமந்திக்குத் தெரிந்தால் அவசரப்பட்டு மொட்டு வைத்துவிடும். உகாதிக்கு வர வேண்டிய பூ, கேட்பாரில்லாத நாளில் பெங்களூர் மார்க்கெட்டில் போய் நிற்கும். அதனால் விளக்கைப் போட்டு, பொழுது இன்னும் போகவில்லை என்று செடியை நம்பவைப்பார்கள். செடியிடமே வாய்ஜாலம் காட்டுகிற ஊரில் பிறந்த மாதேஸ்வரிக்கு, ஆறாம் வகுப்பிலேயே வாய் கொஞ்சம் நீளம்.

அந்த வாய்தான் வம்பில் மாட்டிவிட்டது. "சாகப்போற நட்சத்திரத்தைக் காட்டுறேன், அமாவாசையன்னிக்கு எங்க பெரியப்பா தோட்டத்துக்கு வாங்க" என்று வகுப்பு முழுவதையும் அழைத்துவிட்டாள்.

"உங்க தோட்டத்துல பல்புதான் தெரியும்" என்றான் பிரகாஷ். "காட்டலேன்னா இனிமே உன் பேரே பல்புதான். வாத்தியார்கிட்டயும் சொல்லி அட்டெண்டன்ஸ்ல மாத்திடுவோம்."

அவன் சொன்னதைச் செய்கிறவன். மாதேஸ்வரி நேராகப் பெரியப்பா கிருஷ்ணப்பனிடம் போனாள்.

"பெரியப்பா, அமாவாசையன்னிக்கு அரைமணி லைட்டை நிறுத்தணும்."

"உனக்கென்ன கிறுக்கா? செடி மொட்டு விட்டுடும்."

"முன்னால எடுக்கிற அரைமணியைப் பின்னால குடுத்துடலாம். பத்து மணிக்கு அணைக்கிறதைப் பத்தரைக்கு அணைங்க. செடிக்கு என்ன நஷ்டம்?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கிருஷ்ணப்பன் கணக்குக்கு மசிகிற ஆள் இல்லை. தலையை ஆட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். சரக்கு கைவிட்டுப் போகிற நேரத்தில் எந்த வியாபாரியும் செய்வதை மாதேஸ்வரியும் செய்தாள். ஒரு பொய்யை மேலே தூவினாள்.

"அன்னிக்குத் திருவாதிரை வெடிக்கப்போவுது பெரியப்பா. செத்துப்போவுது. அப்புறம் நீங்க பார்க்கவே முடியாது."

மண்வெட்டி நின்றது. "திருவாதிரையா?"

"ஆமா."

"அணைச்சிடறேன்" என்றார் அவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. இவ்வளவு சுலபமாகப் படிந்த பேரத்தில் ஏதோ கோளாறு என்று அவள் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அமாவாசையன்று பொழுது சாய்ந்தபோது வகுப்புப் பிள்ளைகள் மட்டுமா வந்தார்கள்? பாதித் தெரு வந்துவிட்டது. பாய், பொரி, கைக்குழந்தை என்று திருவிழாக் கூட்டம். கிருஷ்ணப்பன் ஓரமாகச் சலவை வேட்டியில் நின்றார். நெற்றி நிறைய விபூதி.

பெரியம்மா நாராயணம்மா மாதேஸ்வரியின் காதருகில் குனிந்தாள். "ஏன்டி, என்ன சொன்னே அவர்கிட்ட? ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. அவர் பொறந்த நட்சத்திரமே திருவாதிரைதான்."

மாதேஸ்வரி திரும்பிப் பெரியப்பாவின் விபூதியைப் பார்த்தாள். பிரகாஷ் வைக்கப்போகும் பெயர் இப்போது தூசியாகத் தெரிந்தது.

நாராயணம்மா சுவிட்சை இறக்கினாள். தோட்டம் பொசுக்கென்று காணாமல் போனது.

"ஒண்ணும் தெரியலயே" என்றான் பிரகாஷ். "பல்பு!"

"கண்ணு பழகட்டும், இருடா."

கண் பழகியது. ஓசூர்ப் பக்கம் மேற்கே தொழிற்சாலை வெளிச்சம் மங்கலாகப் பூசியிருந்தது. தோட்டங்கள் இல்லாத, ஆந்திரா பார்த்த கிழக்கில் மட்டும் வானம் கறுத்து, ஆழமாகி, முதலில் ஒன்று, பிறகு பத்து, அப்புறம் எண்ண முடியாமல் பொங்கியது. அழுத கைக்குழந்தைகூட நிறுத்திவிட்டது. பொரி மெல்லுகிற சத்தம் ஓய்ந்தது.

"ஒரே கோட்டுல மூணு தெரியுதா?" என்றாள் மாதேஸ்வரி. "அதுக்குக் கீழே புகை மாதிரி இருக்கே, அங்கதான் நட்சத்திரம் பொறக்குது. வாயுவும் தூசியும் சுருண்டு சுருண்டு சூடாகிப் பத்திக்கும். மேல கொத்தா இருக்கிறது கார்த்திகை, எல்லாம் ஒண்ணாப் பொறந்த கூட்டம். மூணுக்கு இந்தப் பக்கம் சிவப்பா இருக்குதே..."

"திருவாதிரை" என்றார் கிருஷ்ணப்பன்.

"அது கார்த்திகையைவிடச் சின்ன வயசு. ஆனா பெரிய உடம்பு. பெரிசா இருக்கிறதெல்லாம் வேகமா எரிச்சுத் தீர்த்துடும். நம்ம சூரியன் சின்னக் குடும்பம், பார்த்துப் பார்த்துச் செலவு பண்ணுது, இன்னும் ஐந்நூறு கோடி வருசம் தாங்கும்."

"இது எப்ப வெடிக்கும்?" கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

பொய்யைக் கட்டிக்காக்க வாய் தயாராகத்தான் இருந்தது. வானம் விடவில்லை. அத்தனை பெரிய ஒன்றின் முன்னால் நின்று விலை ஏற்றிச் சொல்ல அவளுக்குக் கூசியது.

"இன்னிக்குன்னு சொன்னது பொய் பெரியப்பா. லட்சம் வருசம்கூட ஆகலாம். நீங்க லைட்டை அணைக்கணும்னுதான் அப்படிச் சொல்லிட்டேன். நட்சத்திரம் சாகிறதுக்கும் உங்களுக்கும் ஒண்ணும் கிடையாது."

கூட்டம் சலசலத்தது. "அப்ப பொரி வாங்குனது வேஸ்ட்டா?" என்றான் பிரகாஷ்.

கிருஷ்ணப்பன் நீளமாக மூச்சு விட்டார். "லட்சம் வருசமா? அடிக்கழுதே! ரெண்டு நாளா இறங்காத சோறு இப்ப இறங்கும்." பிறகு மறுபடி மேலே பார்த்தார். "ஆனா ஒருநாள் வெடிக்கும்?"

"கட்டாயம். ஏற்கெனவே வெடிச்சிருந்தாலும் நமக்குத் தெரியாது. இந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியே ஐந்நூறு, அறுநூறு வருசம் ஆவுது."

இந்தத் தோட்டம் காடாக இருந்தபோது புறப்பட்ட வெளிச்சம், இப்போதுதான் கிருஷ்ணப்பன் கண்ணுக்குள் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"வெடிச்சா அவ்வளவும் வீணாப் போயிடுமா?"

"இல்ல பெரியப்பா. சிதறினதெல்லாம் அந்தப் புகையில போய்க் கலந்து, அதிலேர்ந்து புதுசு பொறக்கும். நம்ம ரத்தத்துல இருக்கிற இரும்புகூட முன்னால வெடிச்ச நட்சத்திரங்கள் போட்டதுதான்."

"பூ முடிஞ்ச செடியை மண்ணோட வச்சு உழுதுடறோமே, அதுமாதிரி" என்றார் அவர் மெதுவாக. கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். இருட்டில் அங்கே என்ன தெரிந்ததோ.

"அரைமணி ஆயிடுச்சு" என்றாள் நாராயணம்மா, சுவிட்சில் கை வைத்து.

"இரு."

"செடி?"

"இருன்னா."

பிரகாஷ் மாதேஸ்வரியின் பக்கம் நகர்ந்து வந்தான். "மாதேசு, அந்தப் புகை எங்கே? இன்னொரு தடவை காட்டு." பல்பு என்று கூப்பிட அவனுக்கு நினைவில்லை.

கடைசியில் விளக்கு எரிந்தது. பச்சைச் செடிகள் வந்தன, ஆட்கள் வந்தார்கள், வானம் போய்விட்டது. கூட்டம் பாயைச் சுருட்டியது. கிருஷ்ணப்பன் மட்டும் பல்புக்குக் கையை மறைப்பாக வைத்து, திருவாதிரை இருந்த திசையை அண்ணாந்து தேடினார்.

"ஏன்டி மாதேசு" என்றார், விலையைக் குறைத்துக் கேட்கிறவர் குரலில். "நாளைக்கும் அரைமணி அணைச்சுப் பின்னால குடுத்தா செடிக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"