நாற்பது சென்டிமீட்டர் புல்

கோர்னெல் அந்த வீட்டை வாங்கியது ஒரு ஜூன் மாதத்தில். அந்த மாதத்தில் வீடு பார்க்கப் போகிறவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், கொதிகலனைத் தட்டிப் பார்ப்பார்கள், நிலவறையில் ஈரம் இருக்கிறதா என்று மோந்து பார்ப்பார்கள். வாசலுக்கு வெளியே ஓடும் நடைபாதையை யாரும் பொருட்படுத்துவதில்லை. கோர்னெல் பொருட்படுத்தினார். முப்பத்து நான்கு வருடம் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வேலிக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு ஒல்லியான புல் பட்டை இருப்பது அவர் கண்ணில் பட்டது. பையிலிருந்த நாடாவை எடுத்து அளந்தார். நாற்பது சென்டிமீட்டர். பத்திரத்தோடு இருந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தார். அந்தப் புல் நகராட்சியுடையது.

"வாங்கிடலாம்" என்றார் மனைவி சபினாவிடம். புல்லைப் பற்றி அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

போலந்தின் வடகிழக்கு மூலையில், சுவாவ்கி பக்கத்தில் பனி சீக்கிரமே வந்துவிடும். அந்த வருடம் நவம்பர் இருபதாம் தேதியே முழங்கால் உயரத்துக்குக் கொட்டிவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒல்ஷோவா தெரு முழுக்க மண்வாரிகள் சிமெண்ட் பலகைகளைச் சுரண்டும் சத்தம். பக்கத்து வீட்டு வலேரியான் எல்லோருக்கும் முன்னால் இறங்கியிருந்தார். எழுபத்திரண்டு வயது, மனைவி இல்லை, ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். தன் வீட்டு முன்னால் இருந்த இருபத்திரண்டு மீட்டரையும் துடைத்து மணல் தூவி முடித்தபோது கோர்னெல் வீட்டு முன்னால் பனி அப்படியே கிடந்தது. ஏழரை மணிக்கு கோர்னெல் தபால் பெட்டியைப் பார்க்க வெளியே வந்தார்.

"மண்வாரி இல்லைன்னா சொல்லுங்க. எங்கிட்ட ரெண்டு இருக்கு" என்றார் வலேரியான்.

"இருக்குங்க. மண்வாரி இருக்கு. வேலைதான் என்னோடது இல்லை."

"பின்ன யாரோடது?"

"வீட்டு எல்லை நடைபாதையத் தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் வீட்டுக்காரர் வாரணும். சட்டம் அப்படித்தான் சொல்லுது. உங்க வேலி தொட்டுக்கிட்டு இருக்கு. என் வேலிக்கும் நடைபாதைக்கும் நடுவுல நாற்பது சென்டிமீட்டர் புல் இருக்கு. புல் நகராட்சியோடது. அப்ப நடைபாதையும் அவங்க பொறுப்பு."

வலேரியான் மண்வாரியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அந்தப் பனியைப் பார்த்தார்.

"அப்ப புல்லு வந்து வாருமா?"

"நகராட்சி வந்து வாரும். கடிதம் போட்டிருக்கேன்."

அன்றிலிருந்து தெருவில் கோர்னெலுக்கு 'புல்லுக்காரர்' என்று பெயர் விழுந்தது. அவர் காதுக்கும் வந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை பார்த்த காலத்தில் இதைவிட மோசமான பெயர்களையெல்லாம் கேட்டிருக்கிறார். இரண்டு பேர் சண்டை போடும் இடத்தில் எல்லைக் கல்லை நட்டுவிட்டு வருவார், இருவரும் திட்டுவார்கள், பத்து வருடம் கழித்துப் பார்த்தால் கல் நின்றுகொண்டிருக்கும், சண்டை ஓய்ந்திருக்கும். கோடு சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

டிசம்பரில் யாரோ புகார் செய்து நகரக் காவலர் வந்தார். எடித்தா என்று பெயர், முப்பது வயதிருக்கும், மூக்கு நுனி சிவந்திருந்தது. கையில் அட்டையும் பேனாவும்.

"ஐயா, உங்க வீட்டு முன்னால நடைபாதை சுத்தம் செய்யல. எச்சரிக்கை எழுதணும்."

கோர்னெல் புல் பட்டையைப் பற்றி விளக்கினார். காவலர் பொறுமையாகக் கேட்டார்.

"புல் எங்கே? எனக்குப் பனிதான் தெரியுது."

கோர்னெல் உள்ளே போய் மண்வாரியோடு வந்தார். வேலியை ஒட்டி, நடைபாதையில் கைவைக்காமல், புல் இருந்த பட்டையை மட்டும் வார ஆரம்பித்தார். மூன்று மீட்டர் நீளத்துக்கு வாரினார். அடியில் மஞ்சளாகச் செத்துக் கிடந்த புல் வெளியே வந்தது. நாடாவை வைத்துக் காட்டினார். காவலர் குனிந்து எண்ணைப் படித்தார்.

"நாற்பதுதான்" என்றார். எழுதியிருந்த தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மெல்ல, "ஐயா, கோவிச்சுக்காதீங்க. இந்தப் புல்ல வாரின நேரத்துல நடைபாதையையே பாதி வாரியிருக்கலாம்" என்றார்.

"வாரியிருக்கலாம். ஆனா அது என் பொறுப்புன்னு ஆகிடும், அது உண்மை இல்லையே."

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நகராட்சியிலிருந்து பதில் வந்தது. உங்கள் அளவு சரி, அந்தப் பகுதி எங்கள் பராமரிப்புப் பட்டியலில் சேர்க்கப்படுகிறது என்று முத்திரை குத்தி எழுதியிருந்தார்கள். கோர்னெல் அதை உறையோடு கோப்பில் வைத்தார். சபினா மேஜையின் மறுபக்கம் காளான் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சிட்ட" என்றாள்.

"ஜெயிக்கறது இல்ல இது. சரி எதுன்னு தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்."

"சரி. எப்ப வருவாங்களாம்?"

அது கடிதத்தில் இல்லை.

யாரும் வரவில்லை. புத்தாண்டுக்குப் பிறகு இரண்டு நாள் வெயில் அடித்துப் பனி இளகியது. மூன்றாம் நாள் மைனஸ் பதினெட்டு. மிதிபட்டு இறுகிக் கிடந்த பனியெல்லாம் கண்ணாடிப் பாளமாக மாறிவிட்டது. அதன் மேல் மறுபடி பனி, மறுபடி இளக்கம், மறுபடி உறைவு. வாசலுக்கு வெளியே பதினாறு மீட்டருக்கு ஒரு விரல் கனத்தில் பாளம் படிந்தது.

ஜனவரி நடுவில் வலேரியான் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவமனைக்குப் போனார். பியாவிஸ்தோக் நகரத்தில் இருக்கும் தங்கை மகன் வந்து வீட்டைப் பார்த்துக்கொள்வான் என்று தெருவில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தங்கை மகன் வரவில்லை. அன்று இரவே பனி கொட்டியது. காலையில் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தபோது பக்கத்து வீட்டு முன்னால் தடமே இல்லாத வெள்ளைப் படுக்கை. கோர்னெலுக்குக் காப்பி இறங்கவில்லை.

அந்த வேலி நடைபாதையைத் தொட்டுக்கொண்டு நின்றது. நடுவில் புல் கிடையாது. அது வலேரியானின் பொறுப்பு. வலேரியானோ வயிற்றில் தையலோடு படுத்திருக்கிறார். கோர்னெல் மண்வாரியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இருபத்திரண்டு மீட்டரையும் வாரினார், வாரிய பனியைச் சாலையோரம் இடுப்பளவுக்குச் சுவர் மாதிரி ஒழுங்காகக் குவித்தார், மணலும் தூவினார். தன் வீட்டு எல்லை வந்ததும் நின்றார். ஒரு பக்கம் மணல் தூவிய கறுப்புப் பாதை, மறுபக்கம் பனிப்பாளம். நடுவே நாடா பிடித்தது போல நேர்க்கோடு.

அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார்.

தபால்காரி லிதியா அந்தக் கோட்டுக்கு வந்ததும் தள்ளுவண்டியை நிறுத்தினாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். நீங்க அந்த வீட்டுக்குக் குடி போயிட்டீங்களா? தபாலை எங்க போடணும்?"

"இங்கேயே போடு."

"போட வழி வேணுமே."

அன்று மாலை சபினா மருந்துக்கடையிலிருந்து வேலை முடிந்து வந்தாள். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, காலணியைக்கூடக் கழற்றாமல் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"கடைல என்னைக் கேக்கறாங்க கோர்னெல். உன் புருஷன் அடுத்த வீட்டு வாசலத் துடைச்சு மணல் தூவி வச்சிருக்காரு, சொந்த வாசல்ல நீ சறுக்கிக்கிட்டுப் போறியேன்னு. நான் என்ன பதில் சொல்றது?"

"கடிதத்தக் காட்டு."

"காட்டுறேன். விழுந்து கால் முறிஞ்சா அந்தக் கடிதத்தையும் கட்டுக்குள்ள வச்சுக் கட்டச் சொல்றேன்."

சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் சிரித்தாள். கோர்னெல் சிரிக்கவில்லை. நகராட்சிக்கு இரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் மாடி அறையில் புத்தக அலமாரியை நகர்த்திக்கொண்டிருந்தபோது தற்செயலாக ஜன்னல் வழியே கீழே பார்த்தார். இரவில் லேசாகப் பனி தூவியிருந்ததால் தெருவில் நடந்தவர்களின் தடங்களெல்லாம் வரைபடத்தில் மை போட்டது போலத் தெளிவாகத் தெரிந்தன. தேவாலயத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் போகும் தடங்கள் வலேரியான் வீட்டு முன்னால் நடைபாதையில் வந்தன. கோர்னெல் வீட்டு எல்லைக்கு வந்ததும் எல்லாம் ஒன்றாக வளைந்து சாலையில் இறங்கின. அவர் வீட்டு நடைபாதையைத் தவிர்த்துச் சாலையோடு போய், வேலி முடிந்ததும் மறுபடி மேலேறின. ஒற்றைத் தடம்கூட நேராகப் போகவில்லை. தன் வீட்டு வாயிலிலிருந்து கிளம்பிய சிறிய காலணித் தடமும், அது சபினாவுடையது, வெளியே வந்த உடனேயே சாலையில்தான் இறங்கியிருந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லிதியா வந்தாள். வளைவுக்கு வந்ததும் வண்டியைச் சாலையில் இறக்கினாள். பின்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்து, வேகத்தைக் குறைத்து, இரண்டு தடவை ஹாரன் அடித்தது. லிதியா திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தாள். அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. அந்தப் பழக்கம்தான் கோர்னெலை என்னவோ செய்தது. அலமாரியைப் பாதி வழியில் விட்டுவிட்டு வெகுநேரம் ஜன்னலிலேயே நின்றார்.

அன்று மதியம் வலேரியான் வாடகைக் காரில் வந்து இறங்கினார். அவர் வீட்டு முன்னால் நிறுத்த முடியவில்லை. கோர்னெல் குவித்து வைத்திருந்த பனிச்சுவர் குறுக்கே நின்றது. தையல் போட்ட மனிதர் அதை எப்படித் தாண்டுவார்? ஓட்டுநர் கோர்னெல் வீட்டு வாகன வழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வலேரியானின் ஒரு கையில் துணிப்பை, மறு கை வயிற்றைப் பிடித்தபடி. சாலையில் மர லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன, முன்னால் பனிப்பாளம். கோர்னெல் கோட்டைப் போட்டும் போடாமலும் ஓடிவந்தார்.

"பையைக் குடுங்க. என் தோளைப் பிடிச்சுக்குங்க."

"வேலியைப் பிடிச்சுக்கறேன்."

"வேலி தள்ளி இருக்கு. எட்டிப் பிடிச்சா தையல் இழுக்கும்."

"ஆமா. நாற்பது சென்டிமீட்டர்" என்றார் வலேரியான்.

இருவரும் கிளம்பினார்கள். பாதத்தைத் தூக்காமல், தேய்த்துத் தேய்த்து, இரண்டு அடி போவதும் நிற்பதுமாக. ஒருமுறை கோர்னெலின் கால்தான் வழுக்கியது. வலேரியான் அவருடைய காலரைப் பிடித்து நிறுத்தினார். பாதி வழியில் வலேரியான் நிமிர்ந்து தன் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"என் வாசலை யார் வாரினது? தங்கச்சி பயல் வந்தானா?"

"வரல. நான்தான் வாரினேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

வலேரியான் காலடியைப் பார்த்தார். "அப்ப இது?"

"இது நகராட்சியோடது."

வலேரியானின் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஏதோ ஆகிவிட்டது என்று கோர்னெல் பயந்துபோனார். பிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"யப்பா, வேண்டாம். சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்." வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "நாற்பது வருஷம் எஞ்சின் ஓட்டினேன். உங்கள மாதிரி ஒரு ஆளப் பாத்ததில்ல."

"நான் சொல்றது சரிதானே?"

"சரிதாங்க. யார் இல்லைன்னா? சரியான இடத்துலதான் நின்னுக்கிட்டிருக்கோம், ரெண்டு பேரும், விழாம. வாங்க, குளுருது."

கோர்னெல் அவரை வீட்டில் சேர்த்து, அடுப்பை மூட்டி, சபினா வைத்திருந்த காளான் சூப்பைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். நகராட்சிக்கு எழுதிய இரண்டாவது கடிதம் மேஜை மேல் கிடந்தது. அதை எடுத்துப் படித்தார். ஒரு பிழைகூட இல்லை. உறையில் போட்டு ஒட்டிவிட்டு நிலவறைக்கு இறங்கிக் கடப்பாரையைத் தேடினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தார். மண்வாரிக்கு மசியும் நிலையில் அந்தப் பாளம் இல்லை. கடப்பாரையால் குத்திக் குத்தித் துண்டு துண்டாகப் பெயர்க்க வேண்டியிருந்தது. மதியத்துக்குள் ஆறு மீட்டர்தான் முடிந்தது. உள்ளங்கையில் கொப்புளம். சபினா வெளியே வந்து பெயர்த்த துண்டுகளை வாளியில் அள்ளிக் கொண்டுபோய் தோட்டத்தில் கொட்டினாள். நான்காவது வாளியின்போது கேட்டாள்.

"மனசு மாறிட்டியா?"

"இல்ல. இது நகராட்சி வேலைதான். அவங்க செய்யற வரைக்கும் நான் செய்யறேன்."

"அதுக்கும் ஒரு கடிதம் போடுவியா?"

"போட்டாச்சு."

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, கடைசி இரண்டு மீட்டர் மிச்சமிருக்கும்போது, ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன டிராக்டர் தெருவுக்குள் வந்தது. முன்னால் தகடு, பின்னால் மணல் தொட்டி. ஓட்டுநர் இறங்கி நடைபாதையைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"ஒல்ஷோவா பதினொன்று. இதானே? பட்டியல்ல புதுசா ஏறியிருக்கு. ஆனா வேலை முடிஞ்ச மாதிரி இருக்கே."

"ரெண்டு மீட்டர் இருக்கு."

"அது கிடக்கட்டும். ஒரு கையெழுத்துப் போடுங்க, நகராட்சி சுத்தம் செஞ்சதுன்னு. நான் அடுத்த தெருவுக்குப் போகணும்."

கோர்னெல் கையுறையைக் கழற்றிவிட்டுத் தாளை வாங்கிப் படித்தார். முழுவதும் படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"பதினாலு மீட்டர் நான் வாரினது. நீங்க வாரினதா எப்படிக் கையெழுத்துப் போடறது?"

ஓட்டுநர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "அதுக்குத் தாள்ல இடம் இல்லீங்களே."

"ஓரத்துல எழுதறேன்."

எழுதினார். பொடி எழுத்தில் நான்கு வரி, மீட்டர் கணக்கோடு. ஓட்டுநர் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஆனால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். டிராக்டரில் ஏறி, மிச்சமிருந்த இரண்டு மீட்டரையும் நாலைந்து தடவை முன்னும் பின்னுமாக இழுத்துச் சுரண்டினார். போகும்போது பின்னால் இருந்த தொட்டியைத் திறந்து பதினாறு மீட்டருக்கும் மணல் தூவினார்.

அதன் பிறகு அந்தக் குளிர்காலத்தில் டிராக்டர் மூன்று தடவை வந்தது. எப்போதும் இரண்டு மூன்று நாள் தாமதமாகத்தான் வந்தது. நடுவில் விழுந்த பனியையெல்லாம் கோர்னெல் வாரினார். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்று தாளின் ஓரத்தில் எழுதினார். வலேரியானுக்கு மருத்துவர் மார்ச் வரை எடை தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவருடைய இருபத்திரண்டு மீட்டரும் கோர்னெலிடமே இருந்தது. வலேரியான் ஜன்னலில் தேநீரோடு உட்கார்ந்துகொள்வார். ஏதாவது ஒரு மூலை விட்டுப்போயிருந்தால் கண்ணாடியைத் தட்டி விரலால் காட்டுவார். கோர்னெல் திரும்பிப் போய் அதையும் வாருவார்.