கரப்பான் சட்டை

எங்கள் வீட்டில் சோற்றில் கல் கிடந்தால்தான் ஆச்சரியம். நூல் கிடப்பது சாதாரணம். சிவப்பு, பச்சை, ஜரிகை எல்லாம் தின்றிருக்கிறேன். ஒருநாள் பொத்தானே கிடந்தது. வாயிலிருந்து எடுத்துத் தட்டோரத்தில் வைத்தேன். "அட, இதைத்தானே நேத்துலேருந்து தேடறேன்" என்று என் மனைவி அதை எச்சிலோடு எடுத்து, துடைத்து, டப்பாவில் போட்டுக்கொண்டாள். எனக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை.

பகலில் அவளுக்குப் பல் டாக்டரிடம் வேலை. வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதி உட்காரவைப்பாள். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தையல் மெஷின் உறையைக் கழற்றுவாள். உள்ளறை முழுக்க அவள் ராஜ்ஜியம். சாப்பாட்டு மேஜையும் அங்கேதான் போயிற்று, துணி வெட்டுவதற்கு அதுதான் வாகாம். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிடுகிறோம். சோபாவில் உட்காரும் முன் கையால் தடவிப் பார்ப்பது எங்கள் வீட்டு ஒழுக்கம். தடவாமல் உட்கார்ந்த என் மச்சினன் குண்டூசியோடு எழுந்தவன்தான், இன்றுவரை நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறான்.

இதில் பள்ளிக்கூடத்து நாடகம் வேறு. யார் வீட்டுப் பிள்ளைக்கு என்ன வேஷம் என்றாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். போன வருஷம் பன்னிரண்டு கேரட் தைத்தாள். ஒரு மாதம் நான் மூக்கைச் சிந்தினால் ஆரஞ்சாக வந்தது.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். நான் கரப்பான் அடிக்கிறவன். கம்பெனி பெயர் நாகரிகமாக இருக்கும், செய்வது இதுதான். முதுகில் மருந்து டப்பா, கையில் குழாய், பழுப்புச் சீருடை. சட்டை நெஞ்சில் ஒரு கரப்பான் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. ஊர் சமையலறைகளின் பின்பக்கம் எனக்குத் தெரியும். பளபளவென்று இருக்கும் ஓட்டலில் ஃபிரிட்ஜை நகர்த்தினால் சுவரே நகரும். அதைப் பார்த்த அன்று நான் எதையும் தின்னமாட்டேன். ஆனால் அந்த இடத்துக்காரர்கள் முகம் சுளிப்பது கரப்பானைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. பின்வாசல் வழியாக வரச் சொல்வார்கள். தண்ணீர் கேட்டால் காகித டம்ளரில் தருவார்கள். அதையும் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள்.

வீட்டிலும் சட்டம் உண்டு. பின்கட்டில் ஒரு வாளி. சீருடையை அதில் போட்டு, குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அவள் துணி இருக்கும் அறைக்குள் நான் காலே வைக்கக்கூடாது. மருந்துக்கை, குழந்தை இருக்கிற வீடு. நியாயம்தான். நியாயமான விஷயம் உறுத்தாது என்று யார் சொன்னது.

இப்படி இருக்கையில் என் மகளுக்கு நாடகத்தில் வேஷம் கிடைத்தது. ஒன்பது வயது, வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவோம். நாடகம் சுத்தத்தைப் பற்றி. மற்ற பிள்ளைகளுக்குத் துடைப்பம், வாளி, சோப்பு, பூந்தொட்டி. என் மகளுக்குக் கரப்பான்.

"என் வேலை தெரிஞ்சுதான் குடுத்திருக்காங்க" என்றேன். "கேலி பண்றாங்க."

"அவளே கை தூக்கிக் கேட்டு வாங்கினதுங்க" என்றாள் மனைவி, வாயில் நான்கு குண்டூசியோடு.

நான் நம்பவில்லை. எந்தப் பிள்ளையாவது கேட்டு வாங்குமா அந்தக் கருமத்தை.

அன்றிலிருந்து இரண்டு வாரம் எனக்கு நரகம். நாள் பூராவும் அதோடு மாரடித்துவிட்டு வந்து தட்டை மடியில் வைத்தால், இங்கேயும் அதே பேச்சு.

"என்னங்க, கரப்பானுக்குப் பின்னங்கால் பெரிசா, முன்னங்கால் பெரிசா?"

"சாப்பிடற நேரத்துல கேக்கற கேள்வியா இது?"

"சும்மா சொல்லுங்க."

"பின்னங்கால். முள்ளு முள்ளா இருக்கும்."

"றெக்கை?"

"இடது றெக்கை வலதுக்கு மேல வரும்." சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளினேன்.

வாண்டு விடவில்லை. "அப்பா, கடைசி சீன்ல நான் சாகணும். கரப்பான் எப்படிப்பா சாகும்? நீதானே தினம் பாக்கற."

"போய்ப் படி" என்றேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாடகம் சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. வீட்டில் யாரும் இல்லை. வாளியருகே சட்டையைக் கழற்றப் போனவன், உள்ளறைக் கதவு திறந்திருந்ததால் எட்டிப் பார்த்தேன். தையல் மெஷின்மேல் ஒன்று நிதானமாக நடந்துபோய்க்கொண்டிருந்தது. மீசையை ஆட்டிக்கொண்டு, தன் வீடு போல.

கரப்பான் அடிக்கிறவன் வீட்டில் கரப்பான். வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும். சட்டத்தை மறந்து உள்ளே போனேன். மூலையில் அவள் தைக்கும் போர்வைக்கு உள்ளே வைக்கிற பஞ்சுச் சுருள் நின்றது. அதைச் சாய்த்தேன். அடியில் தேயிலைத்தூள் மாதிரி எச்சம். மடிப்புக்குள் மொச்சைக்கொட்டை போல முட்டைக்கூடுகள், ஏழெட்டு. இந்தப் பஞ்சு படிந்த காற்றைத்தான் என் பிள்ளை சுவாசிக்கிறாள், இங்கிருந்து வரும் நூலைத்தான் நான் சோற்றில் தின்கிறேன்.

மேஜைமேல் போர்வை விரிந்திருந்தது. இரண்டு வருஷமாகத் தைக்கிறாள். வீட்டிலிருக்கும் பழைய துணிகளைக் கட்டம் கட்டமாக வெட்டி, இணைத்து, பஞ்சு வைத்து, வாண்டு பெரியவளாகும் வரைக்கும் போர்த்திக்கொள்வதற்கு. நான் அதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. வாண்டுவின் முதல் கவுன் இருந்தது. மனைவியின் கல்லூரிக்காலத்துப் பூப்போட்ட சட்டை இருந்தது. மச்சினன் கட்டம்போட்ட சட்டை, மாமியார் வீட்டுத் தலையணை உறை, எதிர்வீட்டுக்காரி கொடுத்த துண்டுத்துணி, பல் டாக்டர் அறையின் பழைய திரைச்சீலைகூட இருந்தது. ஒவ்வொரு கட்டமாகத் தேடினேன். என்னுடையது ஒரு விரல்கடை அகலம்கூட இல்லை.

பல்லைப் பிடுங்குகிற இடத்துத் திரைக்கு இருக்கும் மரியாதை எனக்கு இல்லை. ஊர்தான் காகித டம்ளரில் தண்ணீர் தருகிறது என்று பார்த்தால், வீடும் அப்படித்தான்.

டப்பாவை முதுகில் மாட்டினேன்.

மருந்து அடிப்பதற்கு முன் துணியையெல்லாம் வெளியே எடுத்துவிடவேண்டும். எங்கள் தொழிலில் முதல் பாடம் அது. நூறு வீட்டில் நானே சொல்லியிருப்பேன். அன்றைக்கு எடுக்கவில்லை. சுருள்மேல், மேஜைக்கடியில், அலமாரிக்குள், மெஷின்மேல், போர்வையின் ஓரமெல்லாம் அடித்தேன். சுவரில் மாட்டியிருந்த கரப்பான் வேஷத்தின் பின்னாலும் அடித்தேன். துணியை எடுக்க மறந்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை.

சாயங்காலம் மனைவி வாசலிலேயே மோப்பம் பிடித்துவிட்டாள். வாண்டுவை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். அறை வாசலில் நின்று பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"துணியை எடுக்காமயா அடிச்சீங்க?"

"பஞ்சுல முட்டை இருந்துச்சு. நாறிக் கிடக்கு உன் ரூம்."

"வேஷத்து மேலயுமா?"

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னல்களைத் திறந்தாள். பெரிய பை ஒன்றை எடுத்துவந்து, கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சை உள்ளே திணித்தாள். கரப்பான் வேஷத்தைத் திணித்தாள். அலமாரித் தட்டிலிருந்து மடித்துவைத்த ஒரு நீலச்சட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது யார் சட்டைன்னு தெரியுதா?"

தெரிந்தது. இந்த வேலைக்குச் சேர்வதற்கு முன் நான் போட்டிருந்தது.

"மருந்து படாத சட்டை உங்ககிட்ட இது ஒண்ணுதான் இருந்துச்சு. மத்ததெல்லாம் அந்த வாளியில ஊறினது, அதைக் குழந்தை போர்த்திக்க முடியாது. அதனால இதைப் பத்திரமா வெச்சிருந்தேன். போர்வையில நடுக்கட்டம் காலியா இருக்கே, பாக்கலயா?"

பார்த்திருந்தேன். இன்னும் தைத்து முடிக்கவில்லை போல என்று நினைத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா சொல்வது என்னைப் பார்த்துத்தான்.

அவள் நீலச்சட்டையையும், அதன்மேல் போர்வையையும் பைக்குள் போட்டாள். எந்தக் கரப்பான்மேலும் வராத அருவருப்பு எனக்கு என்மேலேயே வந்தது. குழாய் இன்னும் என் கையில்தான் இருந்தது.

வாசலிலிருந்து வாண்டு எட்டிப் பார்த்தாள். "அம்மா, அப்ப நாளைக்கு நான் என்ன போட்டுக்கறது?"

அவள் அழவில்லை. "கரப்பான் இல்லாம நாடகமே இல்லைம்மா" என்று மட்டும் சொன்னாள்.

நான் போய்த் தலைமுதல் கால்வரை தேய்த்துக் குளித்தேன். பரணில் என் பெட்டி இருந்தது. அதில் கம்பெனி இந்த வருஷம் கொடுத்த புதுச் சீருடை, உறைகூடப் பிரிக்காதது. கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"இதுல இன்னும் மருந்து படல" என்றேன். "வெட்டு."

"நீங்க வேலைக்கு என்ன போட்டுப்பீங்க?"

"கிழிஞ்சதைப் போட்டுக்கறேன். வெட்டு."

அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கத்தரிக்கோலை எடுத்தாள்.

மெஷினை முன்னறைக்குத் தூக்கிவந்து, சோப்புத் தண்ணீரில் மூன்று தரம் துடைத்தேன். பழைய பட்டனும் நூலும் மருந்து பட்டுப் போனதால் எதிர்வீட்டில் கடன் வாங்கினோம். உள்ளே திணிக்கப் பஞ்சு இல்லை. என் தலையணையைக் கொடுத்தேன். அதைப் பிரித்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உவ்வே, எத்தனை வருஷத்து எண்ணெய்." நல்லவேளை, திட்டவாவது வாயைத் திறந்தாள். கால்களை நான்தான் அடைத்தேன். சட்டையின் நெஞ்சுப்பக்கம் வயிற்றுக்கு வந்தது. சிவப்புக் கோடு போட்ட படத்தை அவள் பிரிக்கப்போனபோது வாண்டு தடுத்தாள்.

"அது இருக்கட்டும்மா. அது அப்பாவோட படம்."

"நீ கேட்டுத்தான் வாங்கினியா இந்த வேஷத்தை?" என்றேன்.

"ஆமா. மத்தவங்க யாருக்கும் கரப்பானைப் பத்தி எதுவும் தெரியாதுப்பா. நமக்குத்தானே தெரியும்."

நமக்கு என்றாள். நான் எழுந்து நூல் பரவிக்கிடந்த தரையில் மல்லாந்து படுத்தேன்.

"பாரு. முதல்ல ஓடும், ஆனா நேரா ஓடாது. குடிச்சவன் மாதிரி. அப்புறம் கவுந்து போகும். திரும்பப் பாக்கும், முடியாது. காலை ஒரேடியா மடக்காது. ஒண்ணு ஒண்ணா. பின்னங்கால் கடைசி. மீசை மட்டும் அதுக்கப்புறமும் ஆடும்."

என் முதுகில் ஒரு குண்டூசி குத்தியது. வாயை மூடிக்கொண்டு செத்துக் காட்டினேன். வாண்டு பக்கத்தில் படுத்து என்னைப் பார்த்துப் பார்த்துச் செத்தாள். மெஷின் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது.

மறுநாள் மனைவி மேடைக்குப் பின்னால் இருந்தாள். நான் கூட்டத்தின் நடுவில். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா, சென்ட் வாசனை தூக்கியடித்தது. அவருடைய பிள்ளை சோப்பு. "உங்க குழந்தை என்ன வேஷம்?" என்று கேட்டார். வரும், பாருங்க என்றேன்.

கரப்பான் வந்தது. முன்வரிசைக் குழந்தைகள் வீறிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டன. அவசரத்தில் வலது இறக்கை மேலே வந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் அந்தத் தப்பு தெரிந்த ஒரே ஆள் நான். துடைப்பமும் வாளியும் துரத்தின. வாண்டு வளைந்து வளைந்து ஓடினாள், கவிழ்ந்தாள், புரளப் பார்த்தாள். கால்கள் ஒவ்வொன்றாக மடங்கின. வயிற்றில் சிவப்புக் கோடு போட்ட என் படம் எல்லோருக்கும் தெரிந்தது. பின்னங்கால் கடைசியாக மடங்கியது. எல்லாம் முடிந்தது என்று கை தட்டப் போனார்கள். மீசை ஆடியது.

"ச்சீ" என்றார் பக்கத்து அம்மா, கைக்குட்டையை மூக்கில் வைத்து. "பாக்கவே சகிக்கல. யார் பெத்த பிள்ளையோ."

"நான் பெத்ததுதாங்க" என்றேன்.

அவருக்கு முகம் ஒருமாதிரி ஆயிற்று. பேச்சை மாற்ற, "நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்றார். இதுவரை யார் கேட்டாலும் கம்பெனி வேலை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"கரப்பான் அடிக்கறேன். அவ போட்டிருக்கறது என் சட்டை."

அவர் கைப்பையைத் தன் பக்கம் இழுத்து, நாற்காலியையும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். நகர்த்தட்டும். எனக்குக் கை தட்டத் தாராளமாக இடம் கிடைத்தது.