நான்கு விநாடிக் குரல்

என் மனுசன் அந்தோனிப்பிள்ளைக்குக் குறிஞ்சிப்பிட்டியில் ‘இரைச்சல் அந்தோனி’ என்று பெயர். பொய்யில்லை. தொண்ணூற்றாறில் வன்னியிலிருந்து ஓடிவந்தபோது, கைக்குழந்தையை நான் தூக்கினேன். இவர் டேப் ரெக்கோடரைத் தூக்கினார். படகு எஞ்சின், ஐஸ் உடைக்கும் மெசின், வெங்காயத் தோட்டத்துத் தண்ணிப் பம்பி எல்லாவற்றையும் பதிந்து, கொம்பியூட்டரில் இழுத்து நசுக்கி, இசை என்பார். ஜேர்மனியில் யாரோ கைதட்டுகிறார்களாம். கோதாரி விழுந்த இசை!

ஒரு வேலை முடிந்ததும் மூலப் பதிவை அழித்துவிடுவார்.

“வச்சிருந்தா மனம் திரும்பவும் அதுக்குத்தானப்பா போகும்,” என்பார். இருபது வருடப் பழக்கம்.

யுத்தம் முடிந்து ஏழாம் வருடம் எங்கள் ஒரே பிள்ளை யதுர்சன் கடலில் போனான். உச்சமுனைப் பக்கம் உடல் ஒதுங்கியது. படங்கள் நிறைய உண்டு. குரல் ஒன்றே ஒன்றுதான். இவர் வாசலில் எதையோ பதிந்துகொண்டிருந்தபோது அவன் சொல்லிவிட்டுப் போனது:

“அம்மா, மீனை வெட்டாதேங்கோ, நான் வந்து வெட்டுறன்.”

நான்கு விநாடி. காலையில் அதைப் போடச்சொல்லிக் கேட்டால்தான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும். செபத்தைக்கூட அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

அடுத்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் அந்த நான்கு விநாடியை எடுத்து நாற்பது நிமிடமாக இழுத்தார். ஒரு மாதம் அறையை விட்டு வரவில்லை. முடித்துவிட்டு என்னைக் கதிரையில் இருத்திக் கேட்கவைத்தார். பிள்ளை தூரத்தில் மூச்சு விடுவதுபோல் இருந்தது. சத்தியமாக அழகுதான். நான் அழுதேன்.

“சரி, இப்ப பிள்ளையின்ர குரலைப் போடுங்கோ.”

அவர் கொம்பியூட்டரை அணைத்தார்.

“மலர்... அழிச்சுப் போட்டன். முடிஞ்ச கையோட, பழக்கத்தில...”

“நாசமாப் போவியள்! கடல் ஒருக்கா எடுத்தது. நீங்கள் இரண்டாந்தரம் எடுத்துப் போட்டியள்!”

புத்தளத்திலிருந்து கொம்பியூட்டர் திருத்தும் ஹாசிம் வந்து பார்த்தான். “அதுக்கு மேல வேற பதிஞ்சிருக்கு, அக்கா. இனி எடுக்க ஏலா,” என்றான். இவர் நாற்பது நிமிடத்தைத் திரும்பவும் நான்கு விநாடியாக நசுக்கிப் பார்த்தார். ஏதோ குருவி கீச்சிட்டது. அது என் பிள்ளை இல்லை.

மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் மத்தியானம் குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் கேட்டது.

“அம்மா, மீனை வெட்டாதேங்கோ, நான் வந்து வெட்டுறன்.”

அதே இழுப்பு. ‘அம்மா’வில் அதே சலிப்பு. சட்டி கைநழுவி அரிசியெல்லாம் சிந்தியது. திரும்பினேன். நரைத்த தாடியோடு அந்த மனுசன் நின்றார். ஒரு மாதம் அதையே ஆயிரந்தரம் கேட்ட ஆள் அல்லவா!

ஓங்கி ஒரு அறை விட்டேன். அவர் நகரவில்லை. கண்ணால் நீர் ஓடியது.

நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

“இன்னொருக்காச் சொல்லுங்கோ,” என்றேன்.