மீதிக் கதை வியாழக்கிழமை

பல் வலியோடு வருகிறவனைப் போல நல்லவன் உலகத்தில் கிடையாது. சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் வருவான், காட்டிய நாற்காலியில் உட்காருவான், என்னை "அக்கா" என்பான். வேரைத் திறந்து மருந்து வைத்து வலியை நிறுத்திவிட்டால் போதும், ஆற்றைக் கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி. வேர் சிகிச்சைக்கு மூன்று முறை வர வேண்டும் என்று நான் தலைகீழாக நின்று சொன்னாலும் இரண்டாம் முறை வர மாட்டான். அதனால் எங்கள் அப்பாயின்ட்மென்ட் நோட்டில் எல்லாப் பெயரையும் பென்சிலில்தான் எழுதுவேன். அழிக்க வசதி.

டாக்டர் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. நோயாளிகள் முன்னால் நான் அவளை "டாக்டர்" என்பேன். அவளுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது, "அண்ணி, அடுத்தவங்களை அனுப்புங்க" என்று உள்ளேயிருந்து கத்துவாள். பாதிப் பேர் அதை என் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர் "அண்ணி, இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டிருக்கிறார்.

ஓடிப்போகிறவர்களைத் திரும்ப வரவழைக்க வழி கண்டுபிடித்தது நான். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் பைண்டிங் ஆபீஸில் வேலை பார்த்தவள். தடித்த நாவல் ஒன்றை எடுத்து மூன்றாக வெட்டி, தனித்தனியாக அட்டை போட்டேன். முதல் முறை வந்தால் முதல் பாகம். மீதிக் கதை வியாழக்கிழமை, ஏனென்றால் எங்களிடம் இரண்டாம் முறை, மூன்றாம் முறை எல்லாம் வியாழக்கிழமைதான். புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத்தான் தைப்பார்கள், அந்த மடிப்பு முடிகிற இடத்தில்தான் ஒழுங்காக வெட்ட முடியும். அத்தியாயம் முடிந்ததா என்று மடிப்புக்குத் தெரியாது. கதாநாயகி கதவைத் திறந்து "அட, நீயா" என்பாள், பாகம் முடிந்துவிடும்.

ஆளைப் பார்த்துப் புத்தகம் எடுத்துக் கொடுப்பது ஒரு வித்தை. லாரி டிரைவருக்கு நான் கொடுத்தது காதல் கதை. இரண்டாம் பாகம் வாங்க வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது, பல்லில் வலியே இல்லை. கணக்கு வாத்தியார் ஒருவருக்குப் பேய்க்கதை. ஒரு அம்மாள் மூன்றாம் பாகத்துக்காக நல்ல பல்லைக் காட்டி வலிக்கிறது என்று சொல்லி, அதற்கு எக்ஸ்ரேவும் எடுத்துக்கொண்டு போனார். ஒரு வருஷத்தில் நாற்பத்து மூன்று பேருக்குக் கொடுத்தேன், நாற்பத்திரண்டு பேர் திரும்பி வந்தார்கள். வராதவர் இறந்துபோனார், அது பல்லால் அல்ல.

நாற்பத்து நான்காவதாக வந்தவர் புரூஃப்காரர். அச்சகங்களில் பிழை திருத்தியே தலை நரைத்த மனிதர். உள்ளே வந்ததும் சுவரிலிருந்த அறிவிப்பைப் படித்து, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து இரண்டு இடத்தில் திருத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார். கடைவாய்ப் பல் உடைந்து அதன் முனை நாக்கின் ஓரத்தில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. டாக்டர் முனையைத் தேய்த்து, வேருக்கு மருந்து வைத்து அனுப்பினாள். அவர் வெளியே வருவதற்குள் என்னிடம் வந்து குனிந்தாள்.

"அண்ணி, அவர் நாக்கு ஓரத்துல ஒரு வெள்ளைத் திட்டு இருக்கு. எனக்குப் பிடிக்கல. ரெண்டு வாரத்துல ஆறலைன்னா சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். அவர்கிட்ட சொன்னேன், தலையை ஆட்டினார். அந்த ஆட்டல் சரியில்ல. என்ன பண்ணுவீங்களோ தெரியாது, மனுஷன் திரும்பி வரணும்."

நான் என்னிடம் இருந்ததிலேயே நல்ல தூண்டிலைப் போட்டேன். கப்பலில் சமையல்காரர் கொலையாகிற நாவல். அதுவரை பதினோரு பேர் அதில் மாட்டியிருந்தார்கள், ஒருவர் தப்பியதில்லை. புரூஃப்காரர் வாங்கிப் புரட்டினார். கடைசிப் பக்கம் பாதி வாக்கியத்தில் நிற்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மீதி எங்கம்மா?"

"வியாழக்கிழமை தருவேன் சார்."

"புத்தகத்தை வெட்டினீங்களா? இது ஆஸ்பத்திரியா, கசாப்புக் கடையா?"

காத்திருந்தவர்கள் எல்லாரும் தலையை நிமிர்த்தினார்கள். ஆனாலும் புத்தகத்தை எடுத்துக்கொண்டுதான் போனார். மீன் கடித்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் வரவில்லை. பதினோரு மணிக்குப் போன் போட்டேன்.

"வலி போயிடுச்சும்மா. அப்புறம் எதுக்கு?"

"ரெண்டாம் பாகம் இங்க காத்துக்கிட்டிருக்கு சார்."

"வேண்டாம். கொன்னது கேப்டனோட மச்சான். பதினெட்டாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு."

கொன்றது கேப்டனின் மச்சான்தான். அது எனக்கே முந்நூறாம் பக்கத்தில்தான் தெரியும். எனக்கு அவமானமாக இருந்தது, மறைப்பானேன்.

அடுத்து லாரி டிரைவரை அழவைத்த காதல் கதையின் முதல் பாகத்தை அவர் வீட்டுக்கு அனுப்பினேன். நாலாம் நாள் திரும்பி வந்தது, பக்கத்துக்குப் பக்கம் சிவப்புத் திருத்தத்தோடு. ஓரத்தில் ஒரு குறிப்பு: "இவள் ஒன்பதாம் பக்கத்திலேயே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நாவலே தேவையில்லை." பேய்க்கதையை அனுப்பினேன். "பேய்க்கு வேறு வேலை இல்லையா?" என்று எழுதியிருந்தார். இதற்குள் இன்னும் மூன்று வாரம் ஓடிப்போயிற்று.

"அண்ணி, இது விளையாட்டு இல்ல," என்றாள் டாக்டர். "நானும் போன் பண்ணிப் பேசிட்டேன். சதையை வெட்டினா பரவிடும்னு யாரோ சொல்லி வச்சிருக்காங்க. பயப்படறார். ஆரம்பத்துல பிடிச்சா ஒண்ணும் ஆகாது. விட்டா என்னாலயும் முடியாது, யாராலயும் முடியாது."

எனக்கு வந்ததே கோபம். யாரென்றே தெரியாத மனிதரின் நாக்குக்காக நான் ஏன் இப்படி அல்லாட வேண்டும்? உடனே அவருக்குப் போன் போட்டேன். என்ன பேச வேண்டும் என்று யோசிக்கவே இல்லை.

"ஏன் சார், உங்களுக்கு எதுதான் பிடிக்கும்? எதைக் கொடுத்தாலும் நொள்ளை, நொட்டை. நல்ல புத்தகம்னு ஒண்ணை நீங்க வாழ்க்கையில பார்த்திருக்கீங்களா, இல்லையா?"

டக்கென்று லைன் கட்டாயிற்று. வைத்துவிட்டார் போலிருக்கிறது, காரியத்தைக் கெடுத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் துணிப்பை, அதில் நாலு புத்தகம். நல்ல சட்டை போட்டு, தலையை வாரிக்கொண்டு வந்திருந்தார்.

"முதல்ல இதைப் படிங்க," என்றார். "அப்புறம் இது. இதுல முதல் நாற்பது பக்கம் கொஞ்சம் இழுக்கும், விட்டுடாதீங்க. நாற்பத்தொண்ணுல உங்களைத் தூக்கிட்டுப் போயிடும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் தப்பான பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதைப் படித்துப் பிழை மட்டும் சொல்லச் சம்பளம் வாங்கியவர். எது நல்லாயிருக்கிறது என்று ஒருத்தரும் அவரிடம் கேட்டதில்லை.

"நான் மந்தம் சார்," என்றேன். "யாராவது கேள்வி கேட்டாத்தான் ஒழுங்காப் படிப்பேன். ஒண்ணு பண்ணலாம். நீங்க இன்னிக்கு டாக்டர்கிட்ட நாக்கைக் காட்டுங்க, நான் இன்னிக்கே ஆரம்பிக்கறேன். சதை எடுக்கிற அன்னிக்குப் பாதி முடிச்சிருப்பேன். ரிசல்ட் வாங்க வர்ற அன்னிக்கு முழுசும். நீங்க உட்கார்ந்து கேள்வி கேளுங்க."

"ஏமாத்த மாட்டீங்களே?"

"நீங்க கேட்டுப் பாருங்க."

திட்டு ஆறவில்லை. டாக்டர் சதை எடுத்தாள். அன்று அவர் உதட்டோரத்தில் பஞ்சை வைத்துக்கொண்டே என்னிடம் ஏழு கேள்வி கேட்டார், நான் ஐந்துக்குப் பதில் சொன்னேன். முதல் நாற்பது பக்கம் கொஞ்சம் இழுக்கவில்லை, உயிரை வாங்கியது. ஆனால் நாற்பத்தொன்று அவர் சொன்னபடியே இருந்தது. பஸ்ஸில் படித்துக்கொண்டே போய் என் நிறுத்தத்தைத் தாண்டி இறங்கினேன். அதை அவரிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லாட்டரி விழுந்தவனுக்குக்கூட அப்படி மலராது.

ரிசல்ட் வந்தது. புற்றுதான். ஆரம்பக் கட்டம். நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் எடுத்துவிட வேண்டும், அதைப் பெரிய ஆஸ்பத்திரியில் செய்வார்கள் என்றாள் டாக்டர்.

"பேச்சு?" என்றார் புரூஃப்காரர்.

"முதல்ல கொஞ்ச நாள் பேசவே கூடாது சார். அப்புறம் குழறும். பழகினா சரியாயிடும்."

அவர் வெளியே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அன்று கேள்வி எதுவும் கேட்கவில்லை. நானே வலியப்போய் கடைசி அத்தியாயத்தைப் பற்றி என்னென்னவோ பேசினேன். சரி, சரி என்று கேட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் மறுபடி வந்தார். மேஜைமேல் ஒரு பொட்டலத்தை வைத்தார். பிரித்தேன். பழைய புத்தகம் ஒன்றின் இரண்டு துண்டு, கடைசிப் பாகம் இல்லை. காய் நறுக்குகிற கத்தியால் அறுத்திருக்கிறார். கோணல்மாணலாக, தையல் நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு வருஷம் பைண்டிங் செய்த கை, தொங்கிய நூலைத் தானாக உள்ளே தள்ளி ஒழுங்குபடுத்தியது.

"என்ன சார் இது?"

"நான் வேலைக்குச் சேர்ந்து திருத்தின முதல் புத்தகம். இப்ப அந்த அச்சகமும் இல்ல, ஆசிரியரும் இல்ல. எனக்குத் தெரிஞ்சு இந்த ஒரு பிரதிதான். இதைவிட நல்லதா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"இதைப் போயா வெட்டினீங்க? மூணாவது துண்டு எங்க?"

"வீட்ல இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு வந்து தரேன்." எழுந்துகொண்டார். "கசாப்பு உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

அவர் தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்தேன். பிறகு ஃபைல் அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். டாக்டர் கையுறையோடு வந்து பார்த்துவிட்டு, அடுத்த நோயாளியைத் தானே கூப்பிட்டுக்கொண்டாள்.

அந்த இரண்டு துண்டையும் இரண்டு நாளில் முடித்தேன். தபால் பிரிக்கிற ஒருத்தி, முகவரி அழிந்துபோன ஒரு கடிதத்தை உரியவரிடம் தானே சேர்த்துவிடக் கிளம்புகிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் அவளோடு சேர்ந்து நானும் தெருத்தெருவாக நடந்து கால் வலித்ததுதான் நிஜம். இரண்டாம் துண்டின் முடிவில் அவள் சரியான வீட்டைக் கண்டுபிடித்து அழைப்பு மணியில் விரலை வைக்கிறாள். கடைகடையாகக் கேட்டேன், நூலகத்தில் கேட்டேன். அப்படி ஒரு புத்தகமே இல்லை என்றார்கள். நாற்பத்து மூன்று பேரை நான் என்ன பாடு படுத்தியிருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் "நல்லா இருக்கார்" என்பார்கள். அந்தப் பதிலில் எனக்குத் திருப்தியில்லை. எல்லாரையும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆபரேஷன் முடிந்து ஏழாவது வாரம், வியாழக்கிழமை, பத்து மணி. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாதி ஆளாகியிருந்தார், கழுத்தைச் சுற்றி ஒரு மஃப்ளர். சுவரிலிருந்த அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டார். என்னிடம் வந்து மூன்றாவது துண்டை வைத்தார். "வாங்க, உட்காருங்க" என்றுகூட நான் சொல்லவில்லை. அங்கேயே நின்றபடி படிக்க ஆரம்பித்தேன். போன் அடித்தது, எடுக்கவில்லை. "அண்ணி, அடுத்தவங்க!" என்று உள்ளேயிருந்து சத்தம், நான் நகரவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்து நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரத்தில் கதையின் முடிவுக்கு வந்தேன். கதவு திறக்கிறது, வயதான ஒருவர் கடிதத்தை வாங்குகிறார், கண்ணாடியைத் தேடுகிறார், பிரிக்கிறார். பக்கத்தைத் திருப்பினேன். கெட்டி அட்டை. கடைசித் தாளை மட்டும் பிளேடு வைத்து, இந்த முறை நேராக, அழகாக எடுத்திருந்தார்.

"பாவி மனுஷா!" என்று கத்திவிட்டேன். வரிசையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். "எங்க அது?"

அவர் வாயைச் சுட்டிக்காட்டி, பேச முடியாது என்று கையை விரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்து எழுதி என் பக்கம் நகர்த்தினார்.

"ஆறாம் மாத செக்கப்புக்கு வரும்போது."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். திட்டிக்கொண்டே அப்பாயின்ட்மென்ட் நோட்டை இழுத்து, ஆறு மாதம் தள்ளி ஒரு வியாழக்கிழமையைத் தேடி, பத்து மணிக்கு நேராக அவர் பெயரை எழுதினேன். பேனாவால் எழுதினேன்.