கீழ்த்தொட்டியில் மீதி இடம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. மீன்தொட்டிக்கு மோட்டார் வாங்கப் போன கடையில், எனக்கு முன்னால் நின்ற பெண் கடைக்காரரிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டேன். அவள் எக்ஸ்ரே எடுப்பவள். மாடியில் அவளும் கணவனும், கீழே மாமியார்.

இப்படித் தொடங்கினேன்: 'நீருக்கு நினைவு உண்டு, அது எப்போதும்...'

(மண்ணாங்கட்டி. தண்ணீருக்குத் தெரிந்தது கீழே இறங்குவது ஒன்றுதான்.)

2

தொட்டியில் வழியும் தண்ணீர் அடியிலுள்ள கீழ்த்தொட்டிக்கு இறங்கி, சுத்தமாகி, மோட்டார் வழியே மேலே ஏற வேண்டும். அட்டைப்பெட்டியில் போட்டிருந்த எண்ணை நம்பி ஒரு மோட்டார் வாங்கினாள். அந்த எண், தண்ணீரை உயர்த்தாமல் தள்ளினால் வரும் கணக்கு. நெஞ்சுயரம் ஏறி, மூன்று வளைவுகளில் திரும்பியதும் தண்ணீர் நூலாக ஒழுகியது.

ரோஷத்தில் பெரியதாக வாங்கினாள். அது பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆனால் தண்ணீரை மேலேற்றும் குழாயின் வாயைத் தொட்டிக்குள் ஆழமாக இறக்கிவிட்டாள். கரண்ட் போனதும் அதே குழாய் தண்ணீரைத் திருப்பி உறிஞ்ச, கீழ்த்தொட்டி நிரம்பி வழிந்து, தளத்தில் கசிந்து கீழே மாமியாரின் படுக்கையில் சொட்டியது.

"இன்னொரு தடவை ஒழுகட்டும். மீனுங்களா, நானான்னு என் பையனே சொல்லட்டும்" என்றார் மாமியார்.

3

அவரை வில்லியாக்கி இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன்.* படுக்கை நனைந்தால் யார்தான் கொஞ்சுவார்கள்?

* கணவனுக்கும் ஒரு பாத்திரம் கொடுத்துப் பார்த்தேன். "நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்க" என்று நழுவிவிட்டான்.

4

குழாயின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை உயர்த்தினாள். காற்றுப் புகுந்து உறிஞ்சுவது நிற்க, அங்கே ஒரு சிறு துளையும் போட்டாள். கீழ்த்தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பவில்லை. இனி மோட்டாரை நிறுத்திப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. கை வரவில்லை. மறுபடி ஒழுகினால், குஞ்சிலிருந்து வளர்த்த மீன்களை யாரிடம் தூக்கிக் கொடுப்பாள்?

மாமியார் படியேறி வந்தார்.

"என்ன, பாத்துக்கிட்டே நிக்கிற?"

"நிறுத்திப் பாக்கணும், அத்தை. பயமா இருக்கு."

"கரண்ட் போறப்ப உன்னைக் கேட்டுக்கிட்டா போகும்?"

சொல்லிவிட்டு அவரே சுவிட்சை அணைத்தார்.

கீழ்த்தொட்டியில் தண்ணீர் ஏறியது. விளிம்புக்கு நான்கு விரல். மூன்று. மருமகள் துண்டெடுக்க ஓடினாள்.

"எதுக்கு ஓடுற? உக்காரு" என்று மாமியார் தரையில் அமர்ந்தார். "ஒழுகினாலும் கீழ நனையறதுக்கு யாரு இருக்கா? நான்தான் இங்க இருக்கேனே."

அவள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

5

முடிவு ஒன்று: தண்ணீர் நிற்கிறது.

முடிவு இரண்டு: நிற்கவில்லை, வீட்டிலிருந்த துண்டெல்லாம்...

(இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவர்களை அங்கிருந்து எழுப்ப முடியவில்லை.)

கடையில் அவள் மிச்சத்தையும் சொன்னாள். நான் சொல்லப்போவதில்லை. விளிம்புக்கு இன்னும் இரண்டு விரல் இருக்கிறது. நிறுத்துவதோ வழியவிடுவதோ உங்கள் பாடு.